அறியேன் என்பதும் அறியவொண்ணாது என்பதும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

அண்மைக் காலத்தில் சமணக் குடும்பங்கள் பலவற்றுள் ஒரு புதிய சொல் புகுந்துள்ளது. உயர்கல்வி பயின்று திரும்பும் மக்கள், கடவுளைப் பற்றிய பேச்சு எழும்போது, தம்மை ஏற்பவர் என்றும் கூறுவதில்லை. மறுப்பவர் என்றும் கூறுவதில்லை. ‘அக்னாஸ்டிக்’ என்று கூறுகின்றனர். பெற்றோருக்கு அச்சொல் நாத்திகத்தின் மறுபெயராகப் படுகிறது. பிள்ளைகளுக்கோ அது மேற்கொண்டு எவரும் வினவாதபடி காக்கும் கவசமாகப் பயன்படுகிறது. ஒரு சொல்லின் பொருளை இருசாராரும் ஆராயாமையால் ஒரே இல்லத்தில் இருப்போர்க்கிடையே மனவேற்றுமை வளருமானால், அச்சொல்லை எடுத்து ஆராய்வது விழா மேடைக்கு உரிய பணியேயாகும்.

முதற்கண் சொல்லைக் காண்போம். கிரேக்க மொழியில் ‘க்னோசிஸ்’ என்பது அறிவைக் குறிக்கும். முன்னே நிற்கும் ‘அ’ எதிர்மறைப் பொருளது. வடமொழியின் ‘ஞானம்’ என்னும் சொல்லும் கிரேக்கத்தின் ‘க்னோசிஸ்’ என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் கண்ட முடிபு. ஆதலின் அக்னாஸ்டிக் என்பதை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தால் ‘அஞ்ஞானி’ என்றே அமையும். சமண நூல்களிலோ ‘அஞ்ஞானவாதம்’ என்னும் கொள்கை பெயர் சுட்டி மறுக்கப்பட்டுள்ளது. பெயரால் ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டும் பொருளாலும் ஒன்றுதானா? கடவுளை அறிய இயலுமா என்னும் வினாவிற்கு அருகன் நெறி தரும் விடை யாது? இவ்விரு வினாக்களே இவ்வுரைக்குப் பொருள்.

சொல் பிறந்த வரலாறு

இச்சொல்லைப் படைத்தவர் இங்கிலாந்து நாட்டு உயிரியல் அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1825ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் பிறந்தவர். பள்ளியில் அவர் பயின்றது இரண்டே ஆண்டுகள். எஞ்சிய கல்வியெல்லாம் தாமே தேடிக் கொண்டது. 1846 முதல் 1850 வரை ‘ராட்டில்ஸ்நேக்’ என்னும் கப்பலில் துணை மருத்துவராகச் சென்று, கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளால் தம் 26ஆம் அகவையிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பின்னர் டார்வின் கொள்கைக்காக மேடைதோறும் வாதிட்டுப் பெயர் பெற்றார்.

1869இல் இலண்டன் மாநகரில் மெட்டாபிசிக்கல் சொசைட்டி என்னும் கழகம் தோன்றியது. பேராயர் மேனிங், அந்நாளில் தலைமை அமைச்சராக விளங்கிய கிளாட்ஸ்டன், அரசவைப் புலவர் டென்னிசன், அறிவியலார் டிண்டால் முதலியோர் அதில் உறுப்பினர். இறை, உயிர், மறுமை ஆகியவற்றைப் பற்றி எதிரெதிர்க் கொள்கையினர் ஒருங்கமர்ந்து வாதிட்ட அரங்கு அது. அங்கிருந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கைப் பெயர் இருந்தது. தமக்கு மட்டும் பெயரில்லாமையை ஹக்ஸ்லி உணர்ந்தார். வாலுள்ள நரிகளுக்கு நடுவே வாலிழந்த நரிபோல் தாம் இருந்ததாகப் பின்னாளில் நகையாக எழுதியுள்ளார். பண்டைக் கிறித்தவ வரலாற்றில் மறைபொருளை அறிந்ததாகக் கூறிக்கொண்ட ‘க்னாஸ்டிக்’ என்னும் பிரிவினர் உண்டு. அவர்கள் அறிந்ததாகக் கூறியவற்றைத் தாம் அறியாமையால் தமக்கு ‘அக்னாஸ்டிக்’ என்று அவர் பெயரிட்டுக் கொண்டார். அச்சொல் விரைவில் உலகெங்கும் பரவியது.

எனினும் ஹக்ஸ்லியின் நிலையை இக்கழகத்தின் வாதங்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் தகாது. சொல் பிறப்பதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே அதன் பொருளை அவர் துயரின் நடுவே வாழ்ந்து காட்டியிருந்தார். 1860 செப்டம்பர் 15ஆம் நாள் அவருடைய மூத்த மகன் நோயல் செங்காய்ச்சலால் இறந்தான். அப்போது அச்சிறுவனுக்கு நான்கு வயதும் நிரம்பவில்லை. நண்பரும் சமயகுருவுமாகிய சார்லஸ் கிங்ஸ்லி, உயிர் அழிவதில்லை என்னும் நம்பிக்கையைக் காட்டித் தேற்றி மடல் எழுதினார். அம்மடலின் அன்பை ஹக்ஸ்லி நெகிழ்ந்து போற்றினார். ஆயினும் அது தரும் ஆறுதலை அவரால் ஏற்க இயலவில்லை.

செப்டம்பர் 23ஆம் நாள் அவர் எழுதிய நெடிய விடைமடலின் கருத்து இது: உயிர் அழியாது என்பதை அவர் மறுக்கவும் இல்லை; உறுதி செய்யவும் இல்லை. நம்புதற்குப் போதிய சான்று கிட்டவில்லை. பொய்யென்று நிறுவவும் வழியில்லை. ஒன்று உண்மையாயிருக்க வேண்டும் என்று நெஞ்சம் ஏங்குகிறது என்பதே அது உண்மை என்பதற்குச் சான்றாகாது. மகனை அடக்கம் செய்தபோது, இறந்தோர் எழுவதில்லையெனில் உண்டு குடித்துக் களிப்பதே தக்கது என்னும் கருத்தமைந்த மறைவாசகம் ஓதப்பட்டது. அது அவருக்கு அதிர்ச்சி தந்தது. பெற்ற மகனை இழந்த ஒருவன், அவனை மறுமையில் காண்பேனோ என்பது தெளியாத காரணத்தாலேயே மனிதத் தன்மையைக் கைவிட்டு விலங்காக வேண்டுமோ என்று அவர் வினவினார்.

அவையோரே, இம்மடலில் இரண்டு செய்திகள் உள்ளன. துயரம் மிகுந்த காலத்திலும் அறியாததை அறிந்ததாகக் கூறலாகாது என்பது ஒன்று. மறுமை பற்றிய ஐயம் இம்மையின் அறத்தைத் தளர்த்தலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

கொள்கையும் அதன் இரு கூறுகளும்

1889இல் இப்பொருள் பற்றி ஹக்ஸ்லி விரிவாக எழுதினார். இது ஒரு சமயக் கோட்பாடு அன்று, ஒரு நெறிமுறையே என்பது அவர் கருத்து. அம்முறை இரு கூறுகளை உடையது. அறிவு எத்துணைத் தொலைவு இட்டுச் செல்லுமோ அத்துணைத் தொலைவும் அஞ்சாது பின்தொடர்க என்பது முதற்கூறு. நிறுவப்படாத முடிபுகளை நிறுவப்பட்டனவாகக் காட்டற்க என்பது இரண்டாவது. இன்று பலரும் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிடுகின்றனர். தேடாமல் இருப்பதற்கு இக்கொள்கையைத் துணைக்கு அழைப்போர் ஹக்ஸ்லியின் வழியினர் ஆகார்.

அதே கழகத்தைச் சார்ந்த கணிதப் பேராசிரியர் கிளிஃபர்டு 1877இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இங்கு நினைக்கத்தக்கது. கப்பல் உரிமையாளர் ஒருவர். அவர் கப்பல் பழையது; பழுது பார்த்தல் வேண்டுமென்று அவருக்கே ஐயம் உண்டு. எனினும் செலவை அஞ்சி, இதுகாறும் காத்த இறையருள் இனியும் காக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, மக்களை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. காப்பீட்டுப் பணமும் அவர் கைக்கு வருகிறது. அவர் நம்பிக்கை உள்ளன்போடு கூடியதாகவே இருக்கலாம். ஆயினும் ஆராயாமல் நம்பியதால் அவர் அவ்வுயிர்களுக்குக் குற்றவாளி என்பது கிளிஃபர்டின் துணிபு. கப்பல் மூழ்காது கரை சேர்ந்திருந்தாலும் அக்குற்றம் நீங்காது என்றும் அவர் கூறினார்.

தத்துவார்த்த சூத்திரம் கொலைக்கு இலக்கணம் கூறும்போது ‘பிரமாதம்’ என்னும் கருத்தில்லாமையை அடிப்படையாக வைத்திருப்பதை அறிந்த சமணர்க்கு இவ்வாதம் அயலானதாகத் தோன்றாது. கருத்தின்றி நடப்பவன் உயிர் இறந்தாலும் இறவாவிடினும் கொலைப் பழிக்கு ஆளாவான் என்பது அருகன் நெறியில் பயின்றோர் அறிந்ததே. ஆராயாத நம்பிக்கையும் அத்தகைய கருத்தில்லாமையே.

இனி, ‘அறியேன்’ என்று நில்லாமல் ‘அறியவே ஒண்ணாது’ என்று துணிந்தோரும் உளர். செருமானிய மெய்யியலார் காண்ட் 1781இல் வெளியிட்ட நூலில், மாந்தர் அறிவு தன் அமைப்பினாலேயே எல்லைப்பட்டது என்றும், பொருள்கள் அவ்வறிவிற்குத் தோன்றும் வகையிலன்றித் தம்மியல்பில் அறியப்படா என்றும் நிறுவ முயன்றார். ஆங்கில அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1862இல், தோற்றங்களுக்கு அப்பால் உள்ள மூலப்பொருள் என்றும் அறியப்படாதது என்றார். இவர்கள் கூற்று ஹக்ஸ்லியின் அடக்கத்தினும் ஒருபடி கடந்தது. ‘இக்கதவு திறக்கவில்லை’ என்பது கண்டதைக் கூறல். ‘இக்கதவை எவராலும் எக்காலத்தும் திறக்க இயலாது’ என்பதோ, எல்லாரையும் எல்லாக் காலத்தையும் அறிந்தவன் கூற வேண்டிய சொல். அறிவின் எல்லையை முற்றும் அளந்தேன் என்பவன் ஒருவகையில் முற்றறிவு தனக்கு உண்டென்றே கூறியவனாகிறான்.

அஞ்ஞானவாதம் என்பது யாது?

இந்நாட்டில் இவ்வினா பகவான் மகாவீரர் காலத்திலேயே எழுந்தது. மகத மன்னன் அசாதசத்துரு தான் சென்று வினவிய ஆசிரியர் அறுவர் தந்த விடைகளைப் புத்தரிடம் எடுத்துரைத்ததாகத் தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தம் கூறுகிறது. அவருள் ஒருவர் சஞ்சயர். மறுமை உண்டா என்று கேட்டால், உண்டென்று தோன்றினால் அவ்வாறு கூறுவேன்; அவ்வாறு கூறவில்லை, வேறாகவும் கூறவில்லை, மறுக்கவும் இல்லை என்னும் போக்கில் அவர் விடை அமைந்தது. பிடிக்க நழுவும் விலாங்கு மீன் போன்றோர் என்று பௌத்தர் இத்தகையோரை எள்ளினர். புத்தரின் தலைமாணாக்கராகப் பின்னர் விளங்கிய சாரிபுத்தரும் மொக்கல்லானரும் முதலில் இந்தச் சஞ்சயரிடமே பயின்று, நிறைவு காணாது நீங்கியவர்கள்.

சமண நூல்கள் பிற கொள்கைகளைத் தொகுத்து எண்ணுமிடத்து, கிரியாவாதம் 180, அக்கிரியாவாதம் 84, அஞ்ஞானவாதம் 67, வினயவாதம் 32, ஆக 363 என்று கணக்கிடும். உயிர் உண்டென்பதை யார் அறிவார், இல்லையென்பதை யார் அறிவார், அறிந்துதான் ஆவதென்ன என்று ஒவ்வொரு தத்துவத்தின் மேலும் வினவிக் கைவிடுதல் அஞ்ஞானவாதியின் இயல்பு. ‘அறிந்து ஆவதென்ன’ என்னும் இவ்விறுதி வினாவே அக்கொள்கையின் உயிர்நிலை.

பூச்சியபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் மித்தியாத்துவம் என்னும் பொய்க்காட்சியை ஐவகையாகப் பகுத்தார். ஒரு பக்கத்தையே முழுமையெனக் கொள்ளும் ஏகாந்தம், தலைகீழாகக் கொள்ளும் விபரீதம், இதுவோ அதுவோ என ஊசலாடும் சம்சயம், எல்லாத் தெய்வங்களையும் எல்லாக் கொள்கைகளையும் வேறுபாடின்றி வணங்கும் வைநயிகம், அஞ்ஞானிகம் என்பன அவை. அஞ்ஞானிகத்திற்கு அவர் கூறும் இலக்கணம் கூர்ந்து நோக்கத்தக்கது. நன்மை தீமைகளை ஆராயும் ஆராய்ச்சி இல்லாமையே அஞ்ஞானிகம் என்கிறார். அறியாதிருத்தலை அவர் குற்றமாகக் கூறவில்லை. ஆராயாதிருத்தலையே கூறினார்.

தொடக்கத்தில் எழுப்பிய முதல் வினாவிற்கு விடை இங்குக் கிடைக்கிறது. ஆராய்ந்து, சான்று போதாமையால் ‘அறியேன்’ என்று நிற்பவன் பூச்சியபாதர் கூறும் அஞ்ஞானிகன் ஆகான். ஆராயும் உழைப்பிலிருந்து தப்புவதற்காக ‘எவரும் அறியார்’ என்பவனே அதற்கு இலக்காவான். எல்லாம் ஒன்றே என்று கூறி எல்லாச் சந்நிதிகளிலும் கைகூப்பிவிட்டு, எதையும் ஆராயாது செல்லும் நம்பிக்கையாளனும் வைநயிகம் என்னும் பெயரால் அதே பட்டியலில் இடம்பெற்றுள்ளான் என்பதைப் பெரியோர் மறத்தலாகாது.

இன்னொரு மயக்கத்தையும் ஈண்டு நீக்குதல் வேண்டும். சியாத்வாதம் என்பதே ஐயவாதம் என்று கருதுவோர் உண்டு. சங்கரரும் தம் பிரம்மசூத்திர உரையில், ஏழ்வகைக் கூற்றுகளால் உறுதியற்ற அறிவே விளையும் என்று சமணரைக் குறை கூறினார். ‘சியாத்’ என்பதற்கு ‘இருக்கலாமோ’ என்று பொருள் கொண்டால் அக்குறை பொருந்தும். சமண ஆசிரியர்கள் கொண்ட பொருள் அதுவன்று. ‘ஒருவாற்றான்’ என்பதே அதன் பொருள். பொன்வளையலை அழித்து மோதிரம் செய்தால், வளையல் என்னும் வடிவால் அது அழிந்தது. பொன் என்னும் பொருளால் அது நிலைத்தது. இரு கூற்றும் தத்தம் நோக்கில் ஐயத்திற்கு இடமற்றவை. ‘அவக்தவ்யம்’ என்னும் நான்காம் கூற்றும் சொல்லொணாமையைக் குறிக்குமேயன்றி அறியொணாமையைக் குறிக்காது. இரு தன்மைகளையும் ஒரே சொல்லால் ஒருங்கே கூற இயலாது என்பதே அதன் கருத்து. சொல்லின் எல்லை வேறு, அறிவின் எல்லை வேறு.

எந்தக் கடவுளை அறிவது?

இனி இரண்டாம் வினா. கடவுளை அறிய இயலுமா என்பதற்கு முன், எந்தக் கடவுள் என்று கேட்டல் வேண்டும். உலகைப் படைத்துக் காத்து அழிக்கும் ஒருவனைப் பற்றிய வினாவாயின், சமணர் ‘அறியேம்’ என்று கூறுவதில்லை, இல்லையென்றே கூறுவர். 9ஆம் நூற்றாண்டில் சினசேன ஆசாரியர் இயற்றிய ஆதிபுராணம் இதனைக் காரணங்காட்டி மறுக்கிறது. உலகம் தோன்றுமுன் படைப்போன் எங்கு நின்றான், எதனைக் கொண்டு படைத்தான், குறையற்றவனாயின் படைக்க விரும்பியது ஏன் என்பன அந்நூல் எழுப்பும் வினாக்கள். தமிழில் நீலகேசியும் பத்துச் சருக்கங்களாய்ப் பல சமயத்தாரோடும் வாதிடுகிறது. பிறர் கொள்கையைக் கேட்டு, காரணம் வினவி, அதன்பின் கொள்ளுதலும் தள்ளுதலும் தமிழ்ச் சமணர்க்குப் பழைய பழக்கமேயாம்.

ஆனால் இறைமை என்பது உயிரின் தூய நிலை, அதனை எய்தியவரே அருகரும் சித்தரும் என்று கொள்ளும்போது வினா மாறுகிறது. முற்றறிவு ஓர் உயிர்க்குக் கைகூடுமா என்பதே அப்போது வினா. தமிழ்ச் சமணர் வள்ளுவரின் ‘வாலறிவன்’ என்னும் சொல்லை அருகனுக்கு உரியதாகக் கொள்வதும் இதுபற்றியே.

சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையை ஓர் அரிய துணிவோடு தொடங்குகிறார். வானவர் வருகை, விண்ணில் உலாவுதல், சாமரை முதலிய சிறப்புகள் மாயம் வல்லாரிடத்தும் காணப்படுதலின், அவை பற்றி அருகனைப் பெரியோன் என்று கொள்வதற்கில்லை என்கிறார். வழிபடும் தெய்வத்தின் முன் நின்றே, வழிபடத் தகுமோ என்று ஆராயும் நூல் அது. நுண்ணியவும் மறைந்தவும் சேய்மையில் உள்ளவுமாகிய பொருள்கள் அனுமானத்தால் அறியப்படுதலின், மலையில் புகையால் உணரப்படும் நெருப்பை அருகிருப்போன் நேரே காண்பதுபோல, அவையும் யாரேனும் ஒருவருக்கு நேர்க்காட்சியாதல் கூடும் என்று அவர் வாதிடுகிறார்.

இவ்வாதத்திற்கு மறுப்பு எழாமல் இல்லை. மீமாம்சகராகிய குமாரிலர், முற்றறிந்தோன் உண்டென்பதற்கு நூலும், நூல் மெய்யென்பதற்கு முற்றறிந்தோனும் சான்றாதல் ஒன்றையொன்று பற்றி நிற்கும் குற்றம் என்றார். அகளங்கரும் வித்தியானந்தரும் ஆப்தமீமாம்சைக்கு உரை கண்டு வாதத்தை மேலும் வளர்த்தனர். இவ்வாதங்கள் முற்றறிவு கூடும் என்பதைக் காட்டுவன. கேட்போர்க்கு அதனைக் கண்முன் நிறுத்துவன அல்ல. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டிய தேவை அருகன் நெறிக்கு இல்லை.

சுவரும் திரையும்

காண்ட் கூறிய எல்லைக்கும் சமணர் கூறும் அறியாமைக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகும். அவர் கருத்தில் அறிவின் எல்லை ஒரு சுவர். அஃது அறிவின் அமைப்பிலேயே உள்ளது. அருகன் நெறியில் அது ஒரு திரை. உயிர் இயல்பாகவே அறிவுருவினது. ஞானாவரணீயம் என்னும் வினை அதனை மறைத்துள்ளது. முகில் விலகக் கதிர் தோன்றுவதுபோல் வினை நீங்க அறிவு விளங்கும். மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என்னும் ஐவகை ஞானமும் அத்திரை விலகும் அளவைக் குறித்து நிற்பனவே.

அத்திரை எவ்வாறு விலகும் என்பதில்தான் சமணத்தின் தனிச்சிறப்பு உள்ளது. தத்துவார்த்த சூத்திரத்தின் பத்தாம் இயல் கேவலஞானம் தோன்றும் முறையைக் கூறுகிறது. முதலில் அழிவது மோகனீயம். அதன் பின்னரே அறிவையும் காட்சியையும் மறைக்கும் வினைகளும் அந்தராயமும் அழியும், கேவலம் தோன்றும். இவ்வரிசையை ஊன்றி நோக்குக. அறிவு பெருகிய பின் ஆசை அறும் என்று நூல் கூறவில்லை. விருப்பும் வெறுப்பும் அற்ற பின்னரே முழுமையான அறிவு விளங்கும் என்கிறது. கடவுளை அறிய இயலுமா என்று வினவுவோனை நோக்கி, நின் சினமும் செருக்கும் மாயமும் பற்றும் எத்துணைக் குறைந்தன என்று அருகன் நெறி திருப்பி வினவுகிறது. உண்மையை அறிய விரும்புவோன் தன் முன்முடிபுகளை எல்லாம் கைவிட்டுச் சிறு குழந்தைபோல் அதன் முன் அமர வேண்டும் என்று ஹக்ஸ்லி தம் மடலில் எழுதியதும் இவ்வுண்மையின் ஒரு கூறே. அவர் அறிவுத் துறையளவில் வேண்டிய பற்றின்மையை அருகன் நெறி வாழ்க்கை முழுமைக்கும் வேண்டுகிறது.

குந்தகுந்தர் நியமசாரத்தில் இதனினும் நுட்பமான ஒன்றைக் கூறுகிறார். கேவலி எல்லாவற்றையும் அறிகிறார், காண்கிறார் என்பது வழக்கு நோக்கு. மெய்ந்நோக்கில் அவர் அறிவதும் காண்பதும் தம் ஆன்மாவையே. ஆகவே இறைமையை அறிதல் என்பது எங்கோ உள்ள ஒரு பொருளைத் தேடிக் கண்டறிதல் அன்று. தன்னைத் தான் மறைப்பின்றி உணர்தலே.

இல்லறத்தார்க்கு உரியது

மகாவீரர் வீடுபேற்றிற்குப் பின் கௌதமர், சுதர்மர், சம்பு என்னும் மூவர் 62 ஆண்டுக் காலத்தில் கேவலிகளாய் விளங்கினர் என்றும், அதன்பின் இந்நிலத்தில் இக்காலத்தே கேவலி இல்லை என்றும் ஆகம மரபு கூறும். அவ்வாறாயின் இன்று வாழும் சமணர் எவரும் முற்றறிவைக் கண்டவர் அல்லர். முதியவரும் இளைஞரும் அறிஞரும் மதியும் சுருதமும் கொண்டு நடப்பவர்களே. ‘யான் கண்டிலேன்’ என்று இளைஞன் ஒருவன் கூறுவானாயின் அது மெய். அவன் தந்தையும் கூற வேண்டிய மெய் அது. தந்தை அதனோடு, ‘எனினும் ஆராய்ந்து ஏற்றேன்’ என்பதைச் சேர்த்துக் கூறுகிறார். அவ்வாறு ஆராய்ந்தது உண்மையாயின், மகனையும் ஆராய விடுதலே முறை.

நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் கூறப்பட்டுள்ளன. ஐயமின்மை அவற்றுள் முதலாவது. அதனைச் சுட்டி, வினவுவோரை அடக்குதல் சிலர் வழக்கம். அவ்வெட்டனுள் மயக்கமின்மையும் ஓர் உறுப்பென்பதை அவர்கள் எண்ணுவதில்லை. உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என்னும் மூன்றையும் நீக்குதல் மயக்கமின்மை. மலையிலிருந்து வீழ்தலையும் தீப்பாய்தலையும் அறமெனக் கொள்வது உலக மூடம்; வரம் வேண்டி விருப்பு வெறுப்புடைய தெய்வங்களை வணங்குவது தேவ மூடம்; ஆரவாரமும் கொலையும் நீங்காத வேடத்தாரைப் போற்றுவது பாசண்டி மூடம். வினவாமல் இவற்றை நீக்குவது எவ்வாறு? ஆராய்ந்து எய்துவதே ஐயமின்மை. வாயை மூடுவதால் வருவது ஐயமின்மை அன்று. ஐயத்தை உள்ளே புதைத்தலாகும்.

அவ்வெட்டனுள் தளர்ந்தாரை நிலைநிறுத்தலும், பேரன்புடைமையும் உண்டு. ஐயுறும் மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் செலுத்த வேண்டியவை இவையே. சினந்து விலக்குவதால் எவரும் நற்காட்சி பெற்றதில்லை. வினவும் பிள்ளையோடு அமர்ந்து அருங்கலச்செப்பையோ நீலகேசியையோ பத்துப் பக்கம் படிக்கும் பெற்றோர், தாமும் ஐயம் தெளிவர்.

இளையோர்க்கும் ஒரு கடன் உண்டு. கடவுளைப் பற்றிய வினா தீரும்வரை ஒழுக்கமும் காத்திருக்கும் என்று எண்ணுதல் தவறு. கொல்லாமை எவரோ ஒரு கடவுள் இட்ட ஆணையன்று. எல்லா உயிரும் துன்பத்தை அஞ்சுதலின் எழுந்த அறம். ஓர் எறும்பு துன்புறுவதை அறிய முற்றறிவு வேண்டுவதில்லை. பொய்யாமைக்கும் கள்ளாமைக்கும் மிகுபொருள் விரும்பாமைக்கும் மறுமை பற்றிய சான்று தேவையில்லை. மறுமை குறித்துத் தெளிவு பெறாத ஹக்ஸ்லியும் இம்மைக் கடன்களைக் கைவிடவில்லை. 1870இல் இலண்டன் மாநகரின் முதல் கல்விக் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தார். தாம் ஏற்காத சமயத்தின் மறைநூலையும், அதன் அறச்சிறப்பும் மொழிச்சிறப்பும் கருதிப் பள்ளிகளில் படிக்கலாம் என்று அங்கே வாதிட்டார். ஐயம் அவரை அன்பற்றவராகவோ பெரியோர் தந்தவற்றை இகழ்பவராகவோ ஆக்கவில்லை.

1895ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் அவர் மறைந்தார். மகன் நோயல் முன்னரே துயின்ற பின்ச்லி இடுகாட்டிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் பொறிக்கப்பட்டவை அவர் மனைவி இயற்றிய பாடலின் வரிகள். முடிவற்ற உறக்கமே இறைவன் திருவுளம் எனின் அதுவும் நன்றே என்னும் கருத்துடையவை. அவ்வரிகளில் ‘எனின்’ என்னும் சொல் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் தாம் அறியாததை அறிந்ததாகக் கூறவில்லை.

அத்தகைய மெய்ம்மை போற்றத்தக்கது. ஆயினும் அருகன் நெறி அதனோடு அமையாது, மேலும் ஓரடி எடுத்து வைக்கச் சொல்கிறது. அறியேன் என்று அடங்குக. அறியவொண்ணாது என்று துணியற்க. அறிதற்குத் தடையாக உள்ளத்தில் நிற்கும் சினத்தையும் பற்றையும் இன்று ஓர் அளவேனும் குறைக்க முயல்க. சினாலயத்தில் அருகன் திருமுன் நிற்போர் வரம் கேட்பதில்லை. அவ்வுருவில் அவர்கள் காண்பது விருப்பு வெறுப்பு அற்ற ஒரு முகம். அம்முகத்தின் அமைதியில் ஒரு சிறு பங்கு காண்பவனின் உள்ளத்தில் தோன்றுமாயின், அவ்வளவிற்கு அவன் இறைமையை அறிந்தவனே.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!